தொப்பிமலைக்குத் திரும்பிய குண்டுகள்

தொப்பிமலைக் கடைத்தெருவில் சாயங்காலம் நாலு மணியானால் இன்றைக்கும் ஆட்கள் நடுவழியை விட்டு ஓரமாக ஒதுங்கித்தான் நடக்கிறார்கள். புதிதாக மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜர் ஒருத்தர் காரணம் கேட்டபோது, "அது ஒண்ணுமில்ல சார், முன்னால இந்த வழியா குண்டு வரும்" என்று, முன்னால் இந்த வழியாக பஸ் வரும் என்பதைப் போலச் சொன்னார்கள். அவரும் மேற்கொண்டு கேட்காமல் ஒதுங்கக் கற்றுக்கொண்டார்.

குண்டு வர ஆரம்பித்தது 1993-இல், காப்பிப் பூ உதிர்ந்து முடிந்த மாதத்தில், எஸ்டேட் துப்பாக்கியை இன்னாசி வேறு தோட்டாவுக்கு மாற்றி முடித்த மறுநாள்.

இன்னாசிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கடைத்தெருவின் கீழ்க்கோடியில் 'சந்தியாகு துப்பாக்கி, ஸ்டவ், தையல் மெஷின் ரிப்பேர்' என்று தகப்பனார் பெயரில் பட்டறை வைத்திருந்தான். அந்த மூன்றில் அதிகம் வந்தது தையல் மெஷின், அதற்கடுத்து ஸ்டவ். துப்பாக்கி வருஷத்துக்கு மூன்று வந்தால் பெரிது. ஆனாலும் பலகையில் வரிசையை மாற்ற அவன் ஒப்பவில்லை.

எஸ்டேட் துப்பாக்கி பர்மிங்ஹாமில் பிறந்து 1911-இல் ஒரு வெள்ளைக்காரத் துரையோடு மலையேறியது. துரை இறங்கிப் போன பிறகும் அது இறங்கவில்லை. தடவைக்கு ஒரே ஒரு தோட்டாதான். விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலைத் தள்ளினால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் எஃகுக் கட்டை, மதகுப் பலகை தண்ணீருக்குள் இறங்குவதுபோல நேராகக் கீழே இறங்கி வழிவிடும். தோட்டாவைச் செருகி நெம்புகோலை மேலே இழுத்தால் கட்டை ஏறி வாயை மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் கல்வி. ஒன்று சுட்டால் அடுத்ததற்கு முன் யோசிக்க நேரம் கொடுக்கிற துப்பாக்கி என்று சந்தியாகு சொல்வார்.

அது தின்று பழகிய தோட்டா, கட்டைவிரல் பருமனில் பித்தளைக் கூடும் நுனியில் மழுங்கிய ஈயக் குண்டுமாக இருந்த பழைய நானூற்று ஐம்பது அளவு. படித்தவர்கள்கூடத் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். தோட்டா என்பது கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த குடும்பம், குண்டு என்பது அந்தக் குடும்பத்தில் வீட்டைவிட்டுப் போகிற ஆள். இந்தக் கதைக்கு அந்த வித்தியாசம் வேண்டும். அந்தத் தோட்டாவைச் செய்வதை உலகம் எப்போதோ நிறுத்திவிட்டது, எஸ்டேட்டில் இருந்த கடைசிப் பெட்டி 1989-இல் காலியானது, அதைக் காட்டுப்பன்றிகள் எப்படியோ தெரிந்துகொண்டன. ஓனர் தர்மகிருஷ்ணன் பயிர்ப் பாதுகாப்பு லைசன்ஸைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்கு எட்டு மாதம் நடந்து, நம் நாட்டிலேயே கிடைக்கிற, அதைவிட ஒல்லியான முந்நூற்றுப் பதினைந்து அளவுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கி வந்தார்.

இன்னாசி பழைய குழலை லேத்தில் கட்டி உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கி, அதற்குள், குண்டைச் சுழற்றிவிடும் புதுப் புரி வெட்டிய ஒல்லியான உள்குழல் ஒன்றைச் செருகினான். புதுத் தோட்டாவின் தோளுக்கும் கழுத்துக்கும் ஏற்றபடி, அது உட்காரும் அறையைக் குடைந்தான். புதுத் தோட்டா பழையதைவிடக் கோபக்காரன் என்பதால் கட்டையில், தோட்டாவை அடிக்கும் ஊசி எட்டிப் பார்க்கும் துளையை அடைத்துச் சிறிதாக்கினான். காலிக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி சின்ன விளிம்பையும் பிடிக்கும்படி அரம் போட்டான். பிறகு பட்டறைக்குப் பின்னால் கல் உடைத்த பள்ளத்தில், துப்பாக்கியை ஒரு லாரி டயரில் கட்டி, பாறைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். வெடித்தது. துப்பாக்கிக்கு ஒரு கீறல் இல்லை; பக்கத்துக் கடையில் தைத்துக்கொண்டிருந்த டெய்லர் காதர் பாய்தான் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார்.

மறுநாள் நாலு மணிக்கு முதல் குண்டு வந்தது. தெருவின் மேல்கோடியிலிருந்து, நெஞ்சு உயரத்தில், சந்தை முடிந்து திரும்பும் ஆளின் நடைவேகத்தில் வந்தது. கோயிலைத் தாண்டியது, பவளக்கொடியின் டீக்கடையைத் தாண்டியது, இன்னாசியின் பட்டறைக்குள் நுழைந்து, சுவரில் சாத்தியிருந்த எஸ்டேட் துப்பாக்கியின் வாயில் மூன்று தடவை முட்டியது, புதுக் குழலின் துவாரம் தன் உடம்புக்குப் போதாது என்று தெரிந்ததும் தரையில் விழுந்தது. இன்னாசி எடுத்துப் பார்த்தான். பழைய நானூற்று ஐம்பது. 1989-இல் வாட்சர் ஒருவன் பன்றிக்கு வைத்துத் தவறவிட்ட கடைசிக் குண்டு.

அது தனியாகவும் வரவில்லை. தான் போன நாளை ஒரு குடை அகலத்துக்குத் தன்னைச் சுற்றிக் கொண்டுவந்தது. அதைக் கடந்த ஆட்கள்மேல் 1989-இன் தூறல் விழுந்தது. குடைக்கு வெளியே நின்றவர்கள்மேல் வெயில் அடித்தது.

அதற்கடுத்த நாள் 1988-இன் குண்டு. கடைசியாகப் போனது முதலில், முதலில் போனது கடைசியில் என்று, வருஷத்துக்கு ஒரு குண்டாக, நாளுக்கு ஒன்றாக, தினமும் நாலு மணிக்கு வந்தன. பழைய குழல் இல்லாமல் போனதைக் கேள்விப்பட்டுத் துக்கம் விசாரிக்க வருகின்றன என்று கோயில் பூசாரி சொன்னார். சின்னக் குழலுக்குள் பெரிய நினைவு அடங்காது என்று பங்குச் சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். எஸ்டேட் பள்ளி அறிவியல் வாத்தியார் காந்தம் என்று ஆரம்பித்து, ஈயத்தைக் காந்தம் இழுக்காது என்று தானே ஞாபகம் வந்து, பேச்சை மழைக்கு மாற்றினார். அதோடு காரணம் தேடுகிற வேலை தொப்பிமலையில் முடிந்தது. ஏற்பாடு செய்கிற வேலை ஆரம்பித்தது.

காதர் பாய் தன் கடைப் படுதாவை ஒரு முழம் உயர்த்திக் கட்டினார். மூன்றே முக்கால் பஸ் மேல்வளைவில் நின்று, குண்டு போன பிறகு இறங்கியது. துவைத்த துணியைத் தெருவுக்குக் குறுக்கே போடுகிறவர்கள், நாலு மணிக்குக் கொடியை இறக்கிவிட்டு நாலு பத்துக்கு ஏற்றினார்கள். பஞ்சாயத்தில் ஒருத்தர் தெரு நடுவில் வெள்ளைக் கோடு போட்டார். குண்டு கோட்டை மதிக்கவில்லை, ஆனால் ஆட்கள் மதித்தார்கள். கலெக்டர் ஆபீஸில் ஆயுதங்கள் பார்க்கும் எழுத்தர் ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கி, போகிற குண்டுக்குச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது, திரும்புகிற குண்டுக்கு இல்லை என்று எழுதிக்கொண்டு, போகும்போது தன் கல்யாண வருஷத்துக் குண்டு என்றைக்கு வரும் என்று மெதுவாக விசாரித்துவிட்டுப் போனார்.

ஏனென்றால் அதற்குள் ஊருக்கே அந்தப் பழக்கம் வந்துவிட்டது. குண்டு வருகிற வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போன நாட்கள் தங்கள்மேல் ஒரு நிமிஷம் படிந்து கலைவதற்குக் காத்திருந்தார்கள். 1982-இன் குண்டு, இப்போது இடித்துவிட்ட டூரிங் கொட்டகையின் இடைவேளை மணிச் சத்தத்தோடு வந்தது. 1978-இன் குண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பன்றிக்கறி வேகிற வாசனையோடு வந்து, தெருவில் இருந்த அத்தனை நாய்களையும் பின்னால் கூட்டிக்கொண்டு போனது. 1974-இன் குண்டு போகையில், காதர் பாய் தன் இடது காதை அதன் பக்கம் சாய்த்து நின்றார். அந்த வருஷம் அவர் வீட்டில் ஒரு குழந்தை இருபது நாள் இருந்தது.

இன்னொன்றையும் ஊர் கவனித்து வைத்தது. மண்ணையோ மரத்தையோ போய்த் தொட்ட குண்டு, இன்னாசியின் கையில் குளிர்ந்து விழுந்தது. உயிரைத் தொட்ட குண்டு வெதுவெதுப்பாக விழுந்தது. அரைமணி நேரம் அந்தச் சூடு ஆறவில்லை.

இதைக் கவனித்த அன்றைக்குத்தான் தெருவில் எல்லோரும் ஒரே சமயத்தில் வருஷத்தைக் கணக்குப் பார்த்தார்கள், எல்லோரும் ஒரே சமயத்தில் டீக்கடையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

1963 ஐப்பசியில், ஒரு பனிமூட்டமான பகலில், எஸ்டேட் வாட்சராக இருந்த சந்தியாகு ஆரஞ்சுத் தோப்புக்குள் அசைந்த ஒன்றைச் சுட்டார். பன்றி என்றார். பன்றி கிடைக்கவில்லை. அதே பகலில், அதே தோப்பைக் கடந்து அடிவாரத்திலிருந்து தபால் பை சுமந்து வருகிற ரன்னர் வேலாயுதம் ஊருக்கு வந்து சேரவில்லை. பை மட்டும் ஓர் ஆரஞ்சுக் கிளையில் நல்லபடியாக மாட்டியிருந்தது. போலீஸ் வந்தது, நாலு நாள் பள்ளத்தில் தேடியது, ஒன்றும் அகப்படாமல் போனது. வேலாயுதம் ஓடிப்போனான் என்று பாதி ஊர் சொன்னது, சந்தியாகு சுட்டுப் புதைத்தான் என்று பாதி ஊர் சொன்னது, இரண்டு பாதிகளும் இடம் மாறி மாறிச் சொன்னதால் முப்பது வருஷமாக இரண்டுமே பழசாகவில்லை.

வேலாயுதத்தின் பெண்சாதி அங்கம்மா, அவர் வருவார் என்று பொட்டை எடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆனதும் வைக்கோலில் ஆள் செய்து கொள்ளிவைத்துக் காரியத்தை முடிக்கச் சொல்லி உறவுக்காரர்கள் வைக்கோலோடு வந்தார்கள். அங்கம்மா வைக்கோலை மாட்டுக்குப் போட்டாள். பொட்டோடுதான் செத்தாள். அவர்களுடைய ஒரே மகள்தான் பவளக்கொடி; அப்பா காணாமல் போனபோது ஏழு வயது, இப்போது டீக்கடைக்காரி.

சந்தியாகு அந்தப் பகலுக்குப் பிறகு துப்பாக்கியைத் தோளில் வைக்கவில்லை. ரிப்பேர் செய்ய மட்டும் தொட்டார். எட்டு வருஷம் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் நடந்து, பிறகு செத்தார். பன்றிதானா என்று இன்னாசி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததால் அவனுக்கு இரண்டு அப்பாக்கள் இருந்தார்கள், ஒருவர் சுட்டவர், ஒருவர் சுடாதவர். சாப்பிட உட்காரும்போது எதிரில் யார் வந்து உட்காருவார் என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. இருபத்துநாலு வயதில் அவன் பவளத்தைப் பெண் கேட்டான். அங்கம்மாகூடச் சரி என்றாள். பவளம்தான் முடியாது என்றாள், காரணம் சொல்லவில்லை. ஊர் தானே சொல்லிக்கொண்டது.

1965-இன் குண்டு வந்த சாயங்காலம், இன்னாசி துப்பாக்கியை மேஜைமேல் படுக்கவைத்து, உள்குழலை எந்தப் பக்கம் தட்டினால் கழன்று வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். பழைய வாயைத் திறந்துவிட்டால் குண்டுகள் வருவது நின்றுவிடும் என்று அவனுக்குத் தோன்றியிருந்தது. பவளம் டீ கிளாஸோடு உள்ளே வந்தாள்.

"என்ன, பிரிக்கிறியா?"

"ஓனருக்குத் திருப்தி இல்லையாம்."

"ஓனர் ஊட்டிக்குப் போயி ஒம்பது நாளாச்சு. யாருகிட்ட கதை விடுற?"

இன்னாசி சுத்தியலை வைத்தான். "வர்றது சூடா வந்தா நீ என் முகத்துல முழிப்பியா?"

"இத்தனை நாள் என்ன ஒன் முகத்துல முழிச்சுத்தான் எனக்கு யோகம் அடிச்சுதா? டீயைக் குடி."

"குளுந்து வந்தா?"

குளிர்ந்து வந்தால் என்ன என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. வேலாயுதம் பையைக் கிளையில் மாட்டிவிட்டுத் தன் காலால் நடந்து, பெண்சாதியையும் மகளையும் விட்டுப் போனார் என்று ஆகும். அங்கம்மா இருபத்திரண்டு வருஷம் வைத்த பொட்டு, திரும்பிப் பார்க்காத ஓர் ஆளுக்கு வைத்ததாக ஆகும்.

"பிரிக்காத," என்றாள் பவளம். "வரட்டும். எத்தனை காலத்துக்கு அதுவும் தோப்புலயே கெடக்கும்?"

1963-இன் நாள் வந்தது. காலையிலிருந்தே யாரும் வேலைக்குப் போகவில்லை, ஆனால் எல்லோரும் வேறு ஏதோ காரணத்துக்காகப் போகாததுபோல் நடந்துகொண்டார்கள். நாலு மணிக்கு மேல்வளைவில் பனி தெரிந்தது. சித்திரை வெயிலுக்கு நடுவே ஐப்பசிப் பனி, ஒரு குடை அகலத்துக்கு, உருட்டிவிட்ட பஞ்சுப்பொதிபோல இறங்கி வந்தது. அதற்குள் குண்டு இருந்த இடம்கூடத் தெரியவில்லை. ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது. பவளம் பாய்லருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கடைவாசலில் நின்றாள். பனி அவளைத் தாண்டிப் பட்டறைக்குள் நுழைந்தது.

மூன்று தடவை முட்டும் சத்தம் கேட்டது. விழுவதற்கு முன்னால் இன்னாசி கையில் ஏந்திக்கொண்டான்.

குண்டு ஆற்றுக்கல்போல ஜில்லென்று இருந்தது. நுனிகூட நசுங்காமல், மண்ணில் புதைந்து கிடந்ததற்கு அடையாளமாக ஒரு துணுக்குப் பாசி ஒட்டியிருந்தது. முப்பது வருஷமாக எதிரில் வந்து உட்கார்ந்த சுட்ட அப்பா, அந்த நொடியில் அவன் நெஞ்சுக்குள்ளிருந்து எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார். இன்னாசிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தபோது, கலைகிற பனி வழியாக, வாசலில் நிற்கும் பவளத்தைப் பார்த்தான்.

பாசியைக் கட்டைவிரலால் துடைத்தான். குண்டை உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினான். 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைப் பத்துத் தடவை சொல்லுகிற நேரம் அப்படியே நின்றான். ஈயம் சோம்பேறி உலோகம், ஆனால் சொன்னால் கேட்கும். பிறகு வெளியே வந்தான்.

"சூடா இருக்கு," என்றான், தெருவுக்கே கேட்கும்படி. "எங்கப்பாதான்."

காதர் பாய்தான் முதலில் கையை நீட்டினார், தொட்டார், கையை இழுத்துக்கொண்டார். "ஆமா தம்பி, சூடுதான். யா அல்லா!"

கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்தார்.

"இங்க குடு," என்றாள் பவளம்.

"வேண்டாம், பவளம்."

"குடுய்யா."

வாங்கினாள். மூடிய கைக்குள் வைத்து, பால் பதம் பார்க்கிறவள்போலத் தலையைச் சாய்த்து நின்றாள்.

"பாய், நீங்க ஊசி பிடிக்கிற கை, ஏமாந்துட்டீங்க. நான் நாள் முழுக்க சூட்டைத் தொடுறவ. இது மேல்சூடு. உள்ள குளுந்து கெடக்கு. இது இன்னாசி கைச் சூடு."

"பவளம், நான் சொல்றேன்ல..."

"நீ சும்மா இரு. எங்கப்பனை மானஸ்தனா ஆக்குறதுக்கு, செத்துப்போன ஒங்கப்பனைக் கொலைகாரனா ஆக்குவியா? யாரு கேட்டா ஒன்ன?" அவள் தெருவின் பக்கம் திரும்பினாள். "அவரு போனதை நான் பாத்தேன். அன்னைக்குச் சோத்துத் தூக்கு எடுத்துக்கிட்டுத் தோப்புக்குப் போனது நான். கீழ் வளைவுல டிரங்குப் பெட்டியோட ஒருத்தி நின்னா. பையைக் கிளையில மாட்டிட்டு, அம்மாகிட்டப் பாத்தேன்னு சொல்லாத பாப்பான்னுட்டுப் போனாரு. நான் பாதி வழி திரும்பி வந்த பெறகுதான் வெடிச் சத்தமே கேட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் காதர் பாய், திட்டுகிற குரலில் இல்லை.

"சொன்னா அம்மா என்னத்துக்குப் பொட்டு வெக்கும், பாய்? அது அந்தப் பொட்டை வெச்சுத்தான் எந்திரிச்சுச்சு, படுத்துச்சு." பிறகு இன்னாசியின் பக்கம் திரும்பினாள். "ஒங்கப்பா எங்க வாசல் வரும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் குனிஞ்சு போவாரு. எட்டு வருசம் பாத்தேன். அதை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு, நீ பொண்ணு கேட்டு வந்தப்ப ஒனக்கு மாலை போடச் சொல்றியா? குண்டு வந்து சொல்லிரும்னு இருந்தேன். நீ அது வாயையும் பொத்திட்ட."

நின்றிருந்த கூட்டம் ஒவ்வொருவராக, ஞாபகம் வந்த வேலைகளுக்குக் கலைந்து போனது. 'அன்னைக்கே சொன்னேன்' என்ற கிழவர், போகிற வழியில் பட்டறையின் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று, தலைத்துண்டை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டு போனார். சந்தியாகு உயிரோடு இருந்தவரை அந்த ஊரில் யாரும் அவருக்காகத் துண்டை அவிழ்த்ததில்லை. இன்னாசி பட்டறைப் படியில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பவளம் திட்டுவானோ என்று நின்றாள். அவன் திட்டவில்லை. அவள் போய் இரண்டு டீ போட்டுக்கொண்டு வந்து, ஒன்றை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, அதே படியில் உட்கார்ந்து மற்றதைக் குடித்தாள்.

மறுநாள் 1962-இன் குண்டு. பவளம் மூன்றே முக்காலுக்கே கடைப் பலகையைச் சாத்திவிட்டுப் பட்டறைக்குள் வந்து, தையல் மெஷின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இனி வருகிற நாட்கள் எல்லாம், யாரும் எங்கேயும் போய்விடாத நாட்கள் என்பதை அவளும் கணக்குப் பார்த்திருந்தாள்.

குண்டு வாசலுக்குள் நுழையும்போது பிற்பகல் வெயிலும், நனைந்த சாக்குப்பை வாசனையும், இரண்டு குரல்களும் கூடவே வந்தன.

"சந்தியாகு! கடுதாசி!"

"எனக்கு எவன்டா எழுதுவான்? ஒழுங்காப் படிச்சுப் பாருடா, தூரதேசத்துல எவனாவது சாமியாரு பேரா இருக்கும்."

"அட, ஆமாப்பா. சாமியாருதான்."

இரண்டு ஆட்கள் சிரித்தார்கள். குண்டு மூன்று தடவை முட்டிவிட்டுத் தரையில் விழுந்தது, வெயில் கலைந்தது. இன்னாசி அதை எடுக்கக் குனியவில்லை.

"நாசமாப் போறவன்," என்றாள் பவளம், முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு. "சிரிப்பைப் பாரு. அப்படியே இருக்கு."

"நாளைக்கு அறுபத்தொண்ணு."

"தெரியும். எனக்கும் கழிக்கத் தெரியும்."

அப்போதுதான் ஊட்டியிலிருந்து திரும்பிய தர்மகிருஷ்ணனின் ஜீப் வாசலில் வந்து நின்றது. அவர் இறங்காமலே தலையை நீட்டினார்.

"என்ன இன்னாசி, ரெண்டு மாசமாச்சு. பன்னி என் காப்பிச் செடியை உழுது முடிச்சு இப்ப விதைக்க ஆரம்பிச்சிருச்சு. துப்பாக்கி ரெடியா இல்லியா?"

இன்னாசி துப்பாக்கியை எடுத்தான். நெம்புகோலைத் தள்ளினான், கட்டை எண்ணெய் விட்ட மதகாக வழுக்கி இறங்கியது. அறைக்குள் ஒரு கண்ணை வைத்து, வேதனைப்படுகிற டாக்டர் மாதிரி வெகுநேரம் பார்த்தான்.

"அறை இன்னும் அரை நூல் இடிக்குது, சார். இப்படியே சுட்டா ஒங்க கன்னத்துக்கு நான் ஜவாப்தாரி இல்ல. பர்மிங்ஹாம் எஃகு பாருங்க, அவசரப்படுத்தினா கோவிச்சுக்கும். 1911 வரைக்கும்... அதாவது, இன்னும் ஒரு நாப்பது, அம்பது நாள் ஆகும்."

ஓனர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, சரி சரி, மெதுவாகவே செய் என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் திருப்பினார். அது வளைவைத் தாண்டி மறைகிறவரை பவளம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்பத்தான்யா ஒனக்குப் பொய்யே சொல்ல வருது," என்றாள்.